டிவிஆரின் அலாரம் போர்ட்டும் வாட்ச்மேன் அறை டிவியும்: தங்கச்சிமடம் தம்பிக்கு ஒரு விரிவான பதில்

கேட்கப்பட்டது இதுதான்: ராமேஸ்வரம் தீவில், தங்கச்சிமடத்தில் மாமாவின் மீன் கம்பெனி. 16 கேமரா, அவற்றின் படத்தைப் பதிவு செய்யும் ஒரு டிவிஆர் பெட்டி. ஆபீஸில் ஒரு டிவி, 120 மீட்டர் தள்ளி முன் கேட்டில் வாட்ச்மேன் அறையில் இன்னொரு டிவி. ஐஸ் ரூம் கதவிலும் கடற்கரைப் பக்கப் பின் கேட்டிலும் திறந்தால் சேதி சொல்லும் காந்த சுவிட்ச், முற்றத்தில் ஆள் நடமாட்டத்தைப் பிடிக்கும் ஒரு பிஐஆர் சென்சார், முன் கேட்டில் ஹூட்டர் என்ற அலாரச் சங்கு. கரண்ட் போய் வந்தால் டிவி கறுப்பாகிவிடுகிறது. ராத்திரி இரண்டு மூன்று மணிக்கு ஹூட்டர் தானாக அடிக்கிறது, அதுவும் பாதிச் சத்தத்தில். போன வாரம் பின் கேட்டை நிஜமாகவே திறந்தபோது அடிக்கவில்லை. போட்டவர் வந்து பார்த்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிப் போய்விட்டார்.

தம்பி, தானாக அடிக்கிற ஹூட்டரைவிட, கேட்டைத் திறந்தபோது அடிக்காத ஹூட்டர்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. முதலாவது தூக்கத்தைக் கெடுக்கும், அவ்வளவுதான். இரண்டாவது, காவல் இருக்கிறது என்று நம்ப வைத்துத் தூங்கவிடும். இரண்டுக்கும் காரணம் அநேகமாக ஒன்றேதான், உப்பு. போட்டவர் பகல் பதினோரு மணிக்கு வந்திருப்பார். அந்த நேரத்தில் எல்லாம் சரியாகத்தான் இருந்திருக்கும். அவர் பொய் சொல்லவில்லை.

முதலில் அலாரம் போர்ட் எது என்று பார்த்துவிடுவோம். மெனுவில் நெட்வொர்க் பக்கத்தில் 80, 554 என்று வரும் போர்ட் எண்கள் வேறு. நாம் பேசுவது பெட்டியின் பின்பக்கம் இருக்கும் ஸ்க்ரூ டெர்மினல் வரிசை. பெரும்பாலும் பச்சை நிறத்தில் இருக்கும். 'அலாரம் இன்' என்று 1, 2, 3 என எண்கள், 'ஜி' என்று கிரவுண்ட், அடுத்து 'அலாரம் அவுட்', ஓரத்தில் ஏ, பி என்று இரண்டு துளை. ஏ, பி என்பது சுழலும் கேமராவை ஓட்டுவதற்கு. அதில் சென்சார் ஒயரை மாட்டி வைத்துவிட்டு ஆறு மாதம் காத்திருந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

'அலாரம் இன்' ஒவ்வொன்றிலும் டிவிஆர் கேட்பது ஒரே கேள்விதான். இந்த ஒயரும் கிரவுண்டும் சேர்ந்திருக்கின்றனவா, பிரிந்திருக்கின்றனவா? கதவா, ஆளா, நாயா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. சேர்ந்தால் ஆபத்தா, பிரிந்தால் ஆபத்தா என்பதை மெனுவில் நாம்தான் சொல்கிறோம். என்ஓ என்று வைத்தால் சாதாரணமாகப் பிரிந்திருக்கும், சேரும்போது அலாரம். என்சி என்று வைத்தால் சாதாரணமாகச் சேர்ந்திருக்கும், பிரியும்போது அலாரம். பெரும்பாலான பெட்டிகள் கடையிலிருந்து வரும்போது என்ஓவில்தான் இருக்கும். போடுகிறவர்களும் அதை மாற்றுவதில்லை. ஏன் தெரியுமா? என்ஓவில் ஒயர் அறுந்தாலும், எலி கடித்தாலும், ஸ்க்ரூ கழன்றாலும் டிவிஆருக்கு அது 'பிரிந்திருக்கிறது, எல்லாம் நலம்' என்றுதான் படும். ஹூட்டர் அடிக்காது. வாடிக்கையாளர் போன் பண்ண மாட்டார். போட்டவருக்கு நிம்மதி.

உங்கள் பின் கேட்டில் நடந்தது இதுவாகத்தான் இருக்கும். உங்களுடையது மூன்று ஒயர் வரும் காந்த சுவிட்ச் என்றால், அதில் சேர்கிற ஜோடியும் உண்டு, பிரிகிற ஜோடியும் உண்டு. என்ஓவுக்குப் பொருந்துகிற ஜோடியைப் போட்டிருக்கிறார். நடுவில் எங்கோ ஒரு இணைப்பு பச்சைக் களிம்பு பிடித்து இற்றுப்போயிருக்கிறது. கேட் திறந்தது, சுவிட்ச் தன் வேலையைச் செய்தது, சேதி வந்து சேரவில்லை.

அப்படியானால் ராத்திரி ஏன் தானாக அடிக்கிறது? நீங்கள் இருப்பது தீவு. வாடை அடித்தால் பாக் நீரிணைப் பக்கமிருந்து, கச்சான் அடித்தால் மன்னார் வளைகுடாப் பக்கமிருந்து, எந்தக் காற்றானாலும் உங்களுக்கு உப்புக் காற்றுதான். அந்த உப்பு டெர்மினலின் இரண்டு ஸ்க்ரூவுக்கு நடுவே பொடியாகப் படிகிறது. பகலில் காய்ந்த உப்பு மின்சாரத்தைக் கடத்தாது. காற்றில் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானே ஈரத்தை இழுத்துக் கசிய ஆரம்பிக்கும். அடுப்படியில் உப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருப்பீர்களே, அதேதான். நடுராத்திரிக்கு மேல் நம் கரையில் ஈரப்பதம் அதைத் தாண்டுவது சர்வ சாதாரணம். கசிந்த உப்புத் தண்ணீர் இரண்டு ஸ்க்ரூவுக்கும் நடுவே பாலம் போடுகிறது. டிவிஆர் 'சேர்ந்துவிட்டது' என்று நினைத்து ஹூட்டரை அடிக்கிறது. காலை எட்டு மணி வெயிலில் பாலம் காய்ந்துவிடும். பதினோரு மணிக்கு மீட்டர் வைத்துப் பார்ப்பவருக்கு என்ன தெரியும்?

ஆகவே முதல் வேலை, காந்த சுவிட்ச் இரண்டையும் என்சிக்கு மாற்றுவது. கேட் மூடியிருக்கும்போது சேர்ந்திருக்கும் ஜோடியை எடுங்கள், மெனுவிலும் அந்த எண்ணை என்சி ஆக்குங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் தலைகீழாக வேலை செய்யும். பெயரில் ஒரு குழப்பம் வரும், அதையும் சொல்லிவிடுகிறேன். காந்தம் பக்கத்தில் இருக்கும்போது இருப்பதைச் சாதாரண நிலை என்று சில சுவிட்ச் அட்டைகளில் அச்சிட்டிருப்பார்கள், காந்தம் இல்லாதபோது இருப்பதைச் சில அட்டைகளில். அட்டையை நம்ப வேண்டாம். காந்தத்தை ஒட்டி வைத்து மல்டிமீட்டரில் பீப் வருகிற ஜோடியை எடுத்துக்கொள்ளுங்கள்.

என்சிக்கு மாற்றியதும் தொல்லை குறையும் என்று நான் சொல்லவில்லை. முதல் மாதம் தொல்லை கூடத்தான் செய்யும். இற்றுப்போன ஒவ்வொரு இணைப்பும் இப்போது கத்தும். ஆனால் அப்படிக் கத்துவது உண்மையான பழுது. அதைத் தேடிப் போய்ச் சரிசெய்துவிட்டால் அந்த இடம் அடங்கிவிடும்.

இணைப்பைச் சரிசெய்வது என்றால் ஒயரைப் பிரித்து முறுக்கி டேப் சுற்றுவது அல்ல. நம் கரையில் டேப் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. பற்ற வைத்து, உள்ளே பசை இருக்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாயைப் போட்டுச் சூடு காட்டுங்கள். முடியாவிட்டால் டெலிபோன் லைன்மேன்கள் பயன்படுத்தும் ஜெல் நிறைத்த சின்ன கனெக்டர் போதும். இணைப்புப் பெட்டி ஐபி66, அதாவது தூசியும் தண்ணீரும் புகாத ரகமாக இருக்கட்டும். ஒயர் நுழையும் துளை கீழ்ப்பக்கம் பார்த்து இருக்க வேண்டும். ஒயரை ஒரு வளைவாகத் தொங்கவிட்டு மேலேற்றினால் அதன் மேல் வழியும் தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும். துளையை அடைக்க சிலிக்கான் பூசுகிறவர்கள் கவனியுங்கள். பூசும்போது வினிகர் வாடை அடித்தால் அந்தச் சிலிக்கான் வேண்டாம். அதிலிருந்து வரும் அமிலமே செம்பைத் தின்னும். வாடை இல்லாத ரகம் இருக்கிறது, கேட்டு வாங்குங்கள். லேன் கேபிளிலும் முழுச் செம்பு வாங்குங்கள். செம்பு பூசிய அலுமினியக் கேபிள் பாதி விலைக்குக் கிடைக்கும், வெட்டிய முனையில் உப்பு பட்டால் வெள்ளை மாவாக உதிரும்.

இன்னொரு நுணுக்கம். டிசி ஓடும் இடத்தில் உப்புத் தண்ணீர் சேர்ந்தால் ப்ளஸ் ஒயர்தான் முதலில் கரையும். பக்கத்திலேயே மைனஸ் ஒயர் புதுச் செம்பு மாதிரி இருக்கும். பெட்டியைத் திறக்கும்போது ஒன்று நன்றாக இருக்கிறதே என்று ஏமாந்துவிடாதீர்கள். சொந்தமாக ஐஸ் கம்பெனி வைத்திருப்பவர்களுக்கு இதோடு அம்மோனியாவும் சேரும். ஈரத்தோடு சேர்ந்த அம்மோனியா செம்பையும் பித்தளையையும் அரிக்கும். கம்ப்ரசர் ரூமுக்குள் இணைப்புப் பெட்டியே வைக்காமல் வெளியே கொண்டுவந்துவிடுவதுதான் நல்லது. அம்மோனியா கசிவுக்கான டிடெக்டரை டிவிஆர் வழியாக மட்டும் அடிக்க விடவும் கூடாது. டிடெக்டர் தன் சொந்த ஹூட்டரை நேராக அடிக்க வேண்டும். அதில் மிச்சம் இருக்கும் ரிலே (சின்ன மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) முனை ஒன்றை டிவிஆருக்குக் கொடுத்துப் பதிவு செய்துகொள்ளலாம். உயிர் சம்பந்தப்பட்டதைக் கேமராப் பெட்டியை நம்பி விடாதீர்கள்.

பழுது உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று பார்க்க ஒரு சின்னச் சோதனை போதும். டிவிஆர் பின்னால் அந்த எண்ணின் ஒயரைக் கழற்றிவிடுங்கள். ஒரு விரல் நீளச் செம்பு ஒயரால் அந்த எண்ணையும் ஜியையும் தொட்டுத் தொட்டு எடுங்கள். என்சி என்றால் எடுக்கும்போது அலாரம் வர வேண்டும். வந்தால் பெட்டியும் மெனுவும் சரி, பழுது வெளியே ஒயரில். வராவிட்டால் மெனுவில் தேடுங்கள். இந்த ஐந்து நிமிட வேலையைச் செய்யாமல் 120 மீட்டர் ஒயரை உருவிப் புதிது போட்டவர்கள் உண்டு. 'அலாரம் இன்' முனையில் வெளியிலிருந்து எந்த வோல்டேஜையும் கொடுக்கக் கூடாது என்பதும் நினைவிருக்கட்டும். 12 வோல்ட் வெளியே தள்ளும் சென்சார் என்றால் நடுவில் ஒரு ரிலே வைத்து அதன் வெறும் முனையை மட்டும் டிவிஆருக்குக் கொடுங்கள்.

பிஐஆர் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். திறந்த முற்றத்தில் அதை நம்பாதீர்கள். அது பார்ப்பது மனித உடம்பின் சூட்டுக்கும் பின்னணியின் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை. சித்திரை வைகாசியில் சிமெண்ட் தரையும் சுவரும் ராத்திரி வரைக்கும் கொதிக்கும்போது அந்த வித்தியாசமே கரைந்துபோகும். ஆள் நடந்தால் அடிக்காது, மீன் கழிவுக்கு வரும் நாய் பக்கத்தில் வந்தால் அடிக்கும். கூரை உள்ள இடத்துக்கு, ஆபீஸ் வராந்தாவுக்கு மாற்றுங்கள். முற்றத்துக்கு, எதிரெதிரே வைத்து நடுவே கதிர் ஓடவிடும் பீம் சென்சார் தேவலை. இரண்டு கதிரும் ஒன்றாக மறிக்கப்பட்டால்தான் அடிக்கும் ரகமாக வாங்கினால் காகத்துக்கெல்லாம் கத்தாது. அதன் கண்ணாடியில் உப்புப் படலம் பிடிக்கும். வாரம் ஒரு முறை நல்ல தண்ணீர்த் துணியால் துடைக்கச் சொல்லுங்கள், கேமராக் கண்ணாடியையும் சேர்த்து.

ஹூட்டர் பாதிச் சத்தத்தில் கத்துகிறது என்று எழுதியிருந்தீர்கள். அதற்குக் காரணம் கணக்கிலேயே இருக்கிறது. ஆபீஸிலிருந்து கேட்டுக்கு லேன் கேபிளின் ஒரு ஜோடியில் 12 வோல்ட் அனுப்பியிருக்கிறார்கள். சாதாரண லேன் கேபிளில் ஒரு ஒயருக்கு 100 மீட்டருக்கு 8 ஓமுக்கு மேல் வரும். 120 மீட்டர் போக, 120 மீட்டர் வர, கிட்டத்தட்ட 20 ஓம். ஹூட்டர் முழுச் சத்தம் போட ஒரு ஆம்பியர் வேண்டும் என்றால் ஒயரே 20 வோல்ட் கேட்கும். கொடுப்பதோ 12. அது கத்துவதே பெரிய விஷயம்.

ஹூட்டருக்கான கரண்டை அங்கேயே கொடுங்கள். வாட்ச்மேன் அறையில் ஒரு 12 வோல்ட் பேட்டரி, சார்ஜர், ஒரு சின்ன ரிலே. எலக்ட்ரானிக்ஸ் கடையில் சுகர் கியூப் ரிலே என்று கேட்டால் தருவார்கள். டிவிஆரின் 'அலாரம் அவுட்' அந்த ரிலேயின் காயிலை (உள்ளே இருக்கும் கம்பிச் சுருளை) மட்டும் இழுக்கட்டும். காயிலுக்கு 30 மில்லி ஆம்பியர் போதும், 20 ஓமில் அரை வோல்ட்தான் விழும். காயிலுக்குக் குறுக்கே ஒரு 1என்4007 டயோடு, வெள்ளைக் கோடு ப்ளஸ் பக்கம். அது இல்லாவிட்டால் காயில் விடும்போது கிளம்பும் உதை டிவிஆருக்குள் இருக்கும் குட்டி ரிலேயைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கருக்கும். அந்தக் குட்டி ரிலே எவ்வளவு தாங்கும் என்று பெட்டியின் புத்தகத்தில் இருக்கும். பொதுவாகச் சொற்பம்தான். 230 வோல்ட் மோட்டார் சைரனை அதில் நேராக மாட்டுவது பெட்டியையே பணயம் வைப்பது. அதற்குக் கான்டாக்டர் என்ற பெரிய ரிலே இருக்கிறது.

இதில் ஒரு ஓட்டை மிச்சம் இருக்கிறது. டிவிஆரின் ஒயரையே ஒருவன் பிடுங்கிவிட்டால்? பெட்டி செத்தால் 'அலாரம் அவுட்' ரிலே விட்டுவிடும், ஹூட்டர் சத்தமில்லாமல் கிடக்கும். இதற்கு நான் செய்வது, டிவிஆருக்குப் போகும் 12 வோல்டிலேயே இன்னொரு ரிலேயை இழுத்து வைத்துக்கொள்வது. கரண்ட் இருக்கும்வரை ரிலே பிடித்திருக்கும். போனால் விடும், விடும்போது சேரும் முனை வழியாக ஆபீஸில் பேட்டரியில் ஓடும் ஒரு சின்ன பஸர் அடிக்கும். இருநூறு ரூபாய்க்குள் முடியும். திருடனைவிட இன்வெர்ட்டர் பழுதுதான் இதில் அதிகம் மாட்டும்.

மெனுவுக்கு வருவோம். ஒவ்வொரு அலாரம் இன்னுக்கும் முதலில் பெயர் வையுங்கள். 'அலாரம் 3' என்று திரையில் வந்தால் வாட்ச்மேனுக்கு ஒன்றும் புரியாது. ஆங்கிலத்தில்தான் டைப் செய்ய முடியும் என்றாலும் 'பின் கேட்' என்று படிக்கிற மாதிரி எழுதலாம். எந்தக் கேமரா அதோடு சேர வேண்டும், எத்தனை வினாடி முன்பிருந்து பதிவாக வேண்டும் என்று கேட்கும். முன்பதிவைப் பத்து வினாடி வையுங்கள். கேட்டைத் திறந்து உள்ளே வந்தவன் முதுகு மட்டும் பதிவானால் என்ன பயன்? ஹூட்டர் அடிக்கும் நேரம் முப்பது வினாடி போதும். 'கையால் நிறுத்தும்வரை' என்ற தேர்வில் வைத்துவிட்டு ஊரே எழுந்து வந்த கதைகள் நிறைய.

நேர அட்டவணையில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். இரவு 10 முதல் காலை 6 என்று ஒரே வரியில் போட முடியாது. பெட்டிக்கு நாள் என்பது 00:00இல் தொடங்கி 24:00இல் முடிகிறது. 22:00 முதல் 24:00 ஒன்று, 00:00 முதல் 06:00 இன்னொன்று. முதல் பாதியை மட்டும் போட்டுவிட்டு நடுராத்திரிக்கு மேல் காவலே இல்லாமல் இருக்கும் கடைகள் ராமநாதபுரம் பஜாரிலேயே இருக்கின்றன.

உங்களுக்கு இதில் கூடுதல் சிக்கல். விசைப்படகு திங்கள், புதன், சனி கடலுக்குப் போய் மறுநாள் கரை திரும்பும் வழக்கம். அப்படியானால் செவ்வாய், வியாழன், ஞாயிறு விடியுமுன்னே உங்கள் பின் கேட் திறக்கும், வண்டி வரும், ஐஸ் அள்ளுவார்கள். ஏழு நாளுக்கும் ஒரே அட்டவணை போட்டால் அந்த மூன்று நாளும் ஹூட்டர் அலறும். நான்காவது வாரம் யாராவது ஒயரைப் பிடுங்கி வைத்துவிடுவார்கள். வரத்து நாளில் பின் கேட்டுக்கு மட்டும் நேரத்தைக் குறைத்துவிடுங்கள், மற்ற நாளில் முழு ராத்திரி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் கம்பெனி ஏறக்குறைய சும்மா கிடக்கும். அப்போது பகலிலும் பின் கேட் அலாரம் இருக்கட்டும். வருஷத்துக்கு இரண்டு தடவை மாற்றுகிற வேலைதான்.

ஐஸ் ரூம் கதவுக்கு நீங்கள் கேட்பது உண்மையில் திருட்டு அலாரம் அல்ல என்று நினைக்கிறேன். கதவைத் திறந்துபோட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள், ஐஸ் உருகுகிறது, அதுதானே? கதவு திறந்த உடனே அடித்தால் பகலெல்லாம் அடிக்கும். டிவிஆரில் 'மூன்று நிமிடம் திறந்தே இருந்தால் மட்டும் அடி' என்று சொல்ல வழி இருப்பது அபூர்வம். கதவு சுவிட்சுக்கும் டிவிஆருக்கும் நடுவே ஒரு டைமர் ரிலே வையுங்கள். மூன்று நிமிடத்துக்குள் மூடிவிட்டால் டிவிஆருக்குச் சேதியே போகாது. கதவு இரும்புத் தகடு என்றால் வீட்டுக் கதவுக்கான சின்னக் காந்தம் பிடிக்காது, இரும்பு அதன் பலத்தைத் தின்றுவிடும். ஷட்டருக்குப் போடும் கனமான ரகம் வேண்டும்.

இனி டிவி. ஆபீஸ் டிவி கரண்ட் வந்தபின் கறுப்பாக இருப்பதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, டிவி எழவே இல்லை. சிவப்பு விளக்கோடு ரிமோட்டுக்குக் காத்திருக்கும். டிவியின் செட்டிங்கில், 'கரண்ட் வந்ததும் கடைசியாக இருந்த நிலைக்குப் போ' என்ற மாதிரி ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது, டிவிஆர் முதலில் எழுந்துவிட்டது. எழும்போது எச்டிஎம்ஐ ஒயரின் மறுமுனையில் என்ன திரை இருக்கிறது, எவ்வளவு தாங்கும் என்று விசாரிக்கும். டிவி அப்போது தூக்கத்தில் இருந்தால் பதில் வராது. டிவிஆர் தன் இஷ்டத்துக்கு ஒரு ரெசொல்யூஷனை எடுத்துக்கொள்ளும். பிறகு டிவி எழுந்து அதை ஏற்க மறுக்கும். மெனுவில் ரெசொல்யூஷனை ஆட்டோவில் விடாமல் 1920 பெருக்கல் 1080, 60 ஹெர்ட்ஸ் என்று கட்டிப்போடுங்கள். டிவியையும் டிவிஆரையும் ஒரே யூபிஎஸ்ஸில் மாட்டிவிட்டால் பாதித் தொல்லை தீரும்.

வாட்ச்மேன் அறை டிவிக்கு இப்போது டிவிஆரின் விஜிஏவிலிருந்து (பழைய ரக மானிட்டர் இணைப்பு) எப்படியோ ஒயர் இழுத்திருக்கிறார்கள் போல. 120 மீட்டருக்கு அது ஆகாது, நிழல் விழும், மங்கும். அதைவிடப் பெரிய பிரச்சினை, நிறையப் பெட்டிகளில் எச்டிஎம்ஐயும் விஜிஏவும் ஒரே படத்தைத்தான் காட்டும். உங்கள் மாமா ஆபீஸில் உட்கார்ந்து நேற்று மீன் இறக்கிய பதிவை ஓட்டிப் பார்த்தால் வாட்ச்மேன் டிவியிலும் நேற்றுதான் ஓடும். அவர் அதை இன்று என்று நினைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார். மெனுவில் டிஸ்ப்ளே பக்கத்தில் மெயின், ஆக்ஸ் என்று இரண்டு வெளியீடு தனித்தனியாக இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். இல்லையென்றால் கேட்டில் ஒரு சின்ன நெட்வொர்க் பெட்டியோ பழைய கம்ப்யூட்டரோ வைத்து நெட்வொர்க் வழியாகப் படத்தை எடுங்கள். லேன் கேபிள் 100 மீட்டர் வரைக்கும்தான். உங்கள் தூரத்துக்கு நடுவில் ஸ்விட்ச் வைப்பதைவிட ஃபைபர் போடுவது மேல். ஃபைபரில் உப்பும் ஏறாது, ஐப்பசி கார்த்திகை இடியும் ஏறி வராது.

அந்த டிவியில் என்ன காட்டுவது? 16 கட்டமும் வேண்டாம். முழு எச்டி திரையை 16 ஆகப் பிரித்தால் ஒரு கட்டத்துக்குக் கிடைப்பது 480 பெருக்கல் 270 புள்ளி. பின் கேட்டில் நிற்பவன் அதில் எறும்பு. வாட்ச்மேனுக்கு நான்கு கட்டம் வையுங்கள். முன் கேட், பின் கேட், ஐஸ் ரூம் வாசல், நான்காவது கட்டத்தில் மற்ற கேமராக்கள் பத்து வினாடிக்கு ஒன்றாக மாறி வரட்டும். 'ஈவென்ட் அவுட்புட்' அல்லது 'அலாரம் முழுத்திரை' என்ற இடத்தில் இந்த டிவியைத் தேர்ந்தெடுங்கள். நெட்வொர்க் பெட்டி வைத்தால் அதன் மெனுவில் இதே தேர்வு இருக்கிறதா என்று வாங்கும் முன் கேளுங்கள். அலாரம் வந்ததும் அந்தக் கேமரா இருபது முப்பது வினாடி திரை முழுக்க வந்து நிற்கும். இதுதான் அந்த டிவியின் உண்மையான வேலை. ராத்திரி முழுக்க ஒரு மனிதன் திரையை வெறித்துப் பார்ப்பான் என்று திட்டம் போடக் கூடாது. ஆபீஸ் டிவிக்கு இந்த முழுத்திரை வேண்டாம், மாமா கணக்குப் பார்க்கும்போது குறுக்கே வந்து நிற்கும்.

ஹார்டு டிஸ்க் கெட்டால், கேமரா படம் போனால் பஸர் அடிக்கும்படி 'எக்ஸெப்ஷன்' பக்கத்தில் வைக்கலாம், வையுங்கள். தொண்டிப் பக்கம் ஒரு கருவாட்டு குடோனில் அப்படி வைத்துவிட்டு வந்தேன். மூன்று மாதம் கழித்துப் போனால் டிவிஆரைத் துண்டு போட்டுச் சுற்றி வைத்திருக்கிறார் பெரியவர். "அது ஓயாம கீச்சுகீச்சுங்குது தம்பி, பல்லி மாதிரி. எவ்வளவு நாள்தான் கேக்குறது?" என்றார். டிஸ்க் செத்து ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. அவர்மேல் தப்பில்லை. கீச்சென்றால் யாருக்குப் போன் போட வேண்டும் என்று நான் சொல்லிவிட்டு வரவில்லை. இப்போது டிவிஆர் மேலேயே அட்டையில் தமிழில் எழுதி ஒட்டிவிடுகிறேன்: சத்தம் வந்தால் இன்ன நம்பர்.

வேலையைத் தொடங்குவதற்கு வரத்து இல்லாத ஒரு நாளாகப் பாருங்கள். டெர்மினலில் ஒரு ஸ்க்ரூவைத் தொடும் முன் மொபைலில் இரண்டு படம் எடுத்துக்கொள்ளுங்கள், ஒயர் நிறமும் எண்ணும் தெரிகிற மாதிரி. மெனுவின் செட்டிங்கை ஒரு பென் டிரைவில் எக்ஸ்போர்ட் செய்துகொள்ளுங்கள். மாற்றி முடித்தபின் பகலில் சோதிப்பதோடு விட வேண்டாம். ராத்திரி மூன்று மணிக்கு அலாரம் வைத்து எழுந்து, பின் கேட்டை நீங்களே போய் ஒரு தடவை திறந்து பாருங்கள். வாட்ச்மேனிடம் முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போங்கள், அவர் கையில் கம்பு இருக்கும்.